இணையவழிப் பட்டத்தின் யோக்கியதை

(சாத்தான்குளத்தில் நூலக வாசகர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரி வாசலை மிதிக்காமல், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ இருந்துகொண்டு, கைப்பேசியிலும் கணினியிலும் பாடங்கேட்டுப் பெறுகின்ற பட்டத்துக்கு உலகத்தில் மதிப்பு உண்டா, அதை நம்பி ஒரு குடும்பம் தன் பணத்தையும் ஒரு பிள்ளை தன் இளமையில் மூன்று ஆண்டுகளையும் ஒப்படைக்கலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். பெரிய நகரங்களில் இது ஒரு சௌகரியத்தைப் பற்றிய கேள்வி. நம்முடைய ஊரைப் போன்ற ஊர்களிலோ இது பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயும் தகப்பனும் தாழ்ந்த குரலில் பேசித் தீராமல் எழுந்துபோகின்ற கேள்வி.

இந்த வட்டாரத்துக்குக் கல்வி புதிதன்று. முதலூரிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் எழுந்தன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் குடியிருந்து ஊழியம் செய்தது நமக்கு அடுத்திருக்கிற இடையன்குடியில். போப்பையர் மாணவர்களைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்தியது சாயர்புரத்தில். ஆனால் பள்ளிக்கூடம் பக்கத்திலும் கல்லூரி தூரத்திலுமாகவே நெடுங்காலம் இருந்துவிட்டது. பாளையங்கோட்டையில் 1878 முதல் தூய யோவான் கல்லூரியும் 1923 முதல் தூய சவேரியார் கல்லூரியும் இருந்தபோதிலும், தேரி ஓரத்தில் பனையையும் வானத்து மழையையும் நம்பிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் படிகளை ஏறுவது எளிதாக இருக்கவில்லை. திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி 1965இல் வந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது. இப்போது நம் ஊரிலேயே பெண்களுக்கென்று அரசு கலை அறிவியல் கல்லூரி நடக்கிறது. இவ்வளவு வந்த பிறகும், பிளஸ் டூ முடித்த கையோடு பம்பாய்க்கோ சென்னைக்கோ பலசரக்குக் கடை வேலைக்குப் போய்விட்ட பையனும், மணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணும், முருங்கைக்காய் மண்டியில் கணக்கெழுதுகிற இளைஞனும் கல்லூரிக்கு வெளியிலேதான் நிற்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையான காரியத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கட்டடமும் மரநிழலும் வருகைப் பதிவேடும்தான் பட்டத்துக்கு மதிப்பைத் தருகின்றன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. 1857இல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டபோது அது எந்த மாணவனுக்கும் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொள்வதும், பரீட்சை வைப்பதும், தேறியவனுக்குப் பட்டம் கொடுப்பதுமே அதன் வேலையாக நெடுங்காலம் இருந்தது. எந்த இலண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து அது அமைக்கப்பட்டதோ, அந்தச் சர்வகலாசாலையே 1858இல் மற்றொரு கதவையும் திறந்தது: எந்தக் கல்லூரியிலும் சேராமல் எங்கே இருந்து படித்தவனாயினும், அதன் பரீட்சையில் தேறினால் அதன் பட்டத்துக்கு உரியவன் என்று விதி செய்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து, தபாலில் புஸ்தகம் வருவித்துப் படித்தவர்கள் அந்தப் பட்டத்தைப் பெற்றார்கள். ராபன் தீவுச் சிறையிலே கல்லுடைத்துக்கொண்டிருந்த நெல்சன் மண்டேலா சட்டம் படித்ததும் இவ்வாறு தபால் மூலமாகத்தான். அவருக்குத் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் கிடைத்த 1989ஆம் ஆண்டில்கூட அவர் கைதியாகவே இருந்தார். நம் பக்கத்திலோ, வீட்டில் இருந்து படித்து வித்துவான் பரீட்சை எழுதித் தேறிய தமிழ்ப் பண்டிதர்கள் ஒரு தலைமுறை முழுவதும் பள்ளிகளில் தமிழை வளர்த்தார்கள். அவர்களை யாரும் அரைப் படிப்பாளிகள் என்று சொன்னதில்லை.

இன்னும் ஒருபடி மேலே போய்ப் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியராக அமர்ந்த நாளில் உ.வே. சாமிநாதையரிடம் எந்தப் பட்டமும் இருக்கவில்லை. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் 1880இல் தமக்குப் பதிலாக அவரைச் சிபாரிசு செய்தபோது, கல்லூரியில் இருந்தவர்கள் அவரைப் பாடல்களைச் சொல்லவும் பொருள் விரிக்கவும் செய்து பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். அறிந்தவர்கள் நாலு பேர் முன்னிலையில், மறைவில்லாமல், ஒருவனுடைய அறிவு சோதிக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையில் அவன் நின்றான் என்று ஒரு ஸ்தாபனம் தன் பெயரைப் பணயம் வைத்துச் சொல்ல வேண்டும். பட்டத்தின் யோக்கியதை என்பது இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். பாடம் எங்கே கேட்டான் என்பது இரண்டாவது கேள்வி. எப்படிச் சோதிக்கப்பட்டான் என்பதே முதல் கேள்வி. நான் இன்று சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒன்றையே பற்றி நிற்பவை.

நம் நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியை 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. 1966இல் ஏற்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அதை ஆரம்பித்தபோது, திருநெல்வேலி ஜில்லாவும் அதன் எல்லைக்குள் இருந்தபடியால், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் தபால்காரர் வழியாகவே கல்லூரி வந்தது என்று சொல்லலாம். தடித்த பழுப்பு உறைக்குள் பாடப் புத்தகங்கள் வரும். சனி ஞாயிறுகளில் பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ தொடர்பு வகுப்பு நடக்கும். மே மாத வெயிலில் பரீட்சை. போலீஸ்காரர்களும், கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர்களும், இடைநிலை ஆசிரியர்களும் அதிலே படித்துத் தங்கள் உத்தியோகத்தில் ஒரு படி ஏறினார்கள். ஆசிரியர்களுக்கு உயர்கல்வி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்துவந்த காலத்தில், மாலையில் தன் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திவிட்டு, இரவில் தானே மாணவராகி எம்.ஏ.வுக்குப் படித்த ஆசிரியைகள் எத்தனையோ பேர். அவர்களால் பயனடைந்த வகுப்பறைகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் ‘கரஸ்ல படிச்சது’ என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்கிற இடத்திலும் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்திலும் ‘ரெகுலரா, கரஸா?’ என்று கேட்பது வழக்கமாயிற்று. அந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராயாமல் இன்றைய இணையவழிப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் பொருளாதாரத் தாள்கள் கட்டுக் கட்டாக மேஜைக்கு வரும். ஒரு கட்டைப் பிரித்தால், முதல் தாளில் இருக்கிற பத்தி இரண்டாம் தாளிலும் இருக்கும். மூன்றாம் தாளிலும் இருக்கும். கடைத்தெருவில் விற்கிற கைடு ஒன்றில் அச்சுப் பிழையாக விழுந்துபோன ஒரு சொல் அந்தப் பிழையோடேயே எல்லாத் தாள்களிலும் வரிசையாக வந்து நிற்கும். ஒரு தேர்வு மையத்து ஹாலில் என்ன நடந்தது என்பதை அந்தப் பிழை சொல்லிவிடும். அதே முகாமில் வேறொரு கட்டில், கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிய வினாவுக்கு ஒருவர் விடை எழுதியிருந்தார். கையெழுத்து அழகாக இல்லை. இலக்கணம் ஆங்காங்கே சறுக்கியிருந்தது. ஆனால் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரான பனையேறி ஏன் கருப்பட்டியைச் சங்கத்தில் கொண்டுபோய் எடைபோடாமல், சீசனுக்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்த வியாபாரிக்கே போடுகிறான் என்பதை, வட்டிக் கணக்கோடு, முன்பணத்தின் கட்டாயத்தோடு, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத தெளிவோடு விளக்கியிருந்தார். வாழ்க்கையில் கற்றதைப் பாடத்தோடு பொருத்திப் பார்த்த ஒரு மனம் அந்தத் தாளில் இருந்தது. அவருக்கும், கைடை இறக்கி வைத்தவர்களுக்கும் கிடைத்த பட்டம் ஒன்றே. வெளியுலகத்தில் அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வழியும் இல்லை. உண்மையாகப் படித்தவருக்குச் செய்யப்பட்ட அந்த அநீதியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ‘கரஸ்’ என்ற சொல்லில் ஏறிய இளக்காரத்தின் விலையைக் கொடுத்தவர் அவர்தான்.

பல்கலைக்கழகங்களுக்கு அஞ்சல்வழிப் பிரிவு ஒரு வருமான வழியாக ஆகிப்போனதும், தங்கள் எல்லைக்கு அப்பாலெல்லாம் சந்துக்குச் சந்து ‘ஸ்டடி சென்டர்’ என்ற பலகை தொங்கியதும் இதன் தொடர்ச்சி. எந்தப் படிப்பைத் தூரத்திலிருந்து கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கவே கூடாது என்ற விவேகமும் போயிற்று. ஆய்வுக்கூடமும் பட்டறையும் இல்லாமல் என்ஜினியரிங் பட்டத்தையே தபாலில் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கைப் பற்றிய வழக்கில், 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முறையான அனுமதியின்றி நடத்திய அந்தப் படிப்புகளில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றாயிற்று, அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாகிவிட்டன. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றுப் பத்தாண்டு ஆனவர்களின் வீடுகளில் அந்தத் தீர்ப்பு எப்படி விழுந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் தொலைதூரப் படிப்புக்கு மட்டும் நேர்ந்த நோய் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டிய கல்லூரி மாணவர்களுக்கு இறுதிப் பருவம் நீங்கலான அரியர் தேர்வுகள் ரத்து, அவர்கள் தேறியவர்களே என்று நம் மாநிலத்தில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சியும், பிறகு அது விதிகளுக்கு விரோதமென்று பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யூ.ஜி.சி. சொன்னதும், உயர் நீதிமன்றம் தேர்வை நடத்தத்தான் வேண்டும் என்றதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டுகளில் படித்து வெளியே வந்த நல்ல மாணவர்களைக்கூட ‘கொரோனா பேட்ச்’ என்று உலகம் சந்தேகத்தோடு பார்த்தது. அவர்கள் படித்ததெல்லாம் ரெகுலர் கல்லூரிகள், பெரிய கட்டடங்கள், பெயர்பெற்ற ஸ்தாபனங்கள். சோதனை தளர்ந்தது என்று தெரிந்த மாத்திரத்தில் கட்டடத்தின் கௌரவம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

அப்படியானால் இணையவழியில் நேர்மையான சோதனை நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே அத்தாட்சி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில், நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த ஓர் இளநிலைப் பட்டப்படிப்பை இணையவழியில் அறிவித்தது. அதிலே சேர ஜே.இ.இ. என்னும் அந்தக் கடுமையான நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை. விண்ணப்பித்தவருக்கு நான்கு வாரத்துப் பாடத்தை முதலில் கொடுத்துவிடுகிறார்கள். வாராவாரம் பயிற்சிக் கணக்குகளைச் செய்து அனுப்ப வேண்டும். அந்த நான்கு வாரப் பாடத்தில் வைக்கிற தேர்வில் தேறினவர்களே உள்ளே போகலாம். பாடங் கேட்பது வீட்டில். ஆனால் தேர்வுக்கு, அடையாள அட்டையும் ஹால்டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் வந்து, கண்காணிப்பாளர் முன்னிலையில் உட்கார வேண்டும். அடிப்படை நிலையைத் தாண்டாமல் அடுத்த நிலைக்குப் போக முடியாது. இடையிலே நிறுத்திக்கொள்ள நேர்ந்தவருக்கு, முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. குடும்ப வருமானத்துக்குத் தக்கபடி கட்டணச் சலுகையும் உண்டு. கவனியுங்கள்: கதவை அகலமாகத் திறந்தார்கள், ஆனால் பரீட்சையைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. இணையவழிப் பட்டம் என்று சொன்னால் ‘கரஸ்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்தப் படிப்பைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை என்பதற்கு ஐ.ஐ.டி. என்ற பெயர் பாதிக் காரணம். அந்த மையத்து நாற்காலி மறு பாதி.

இனிச் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டு யூ.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவு வரையறுக்கிறது: மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்டதும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்ததும் தவிர வேறு எவரும் பட்டம் கொடுக்கக் கூடாது. டியூஷன் கம்பெனியும், செயலி நடத்துகிற கம்பெனியும், எவ்வளவு பெரிய நடிகரைக் கொண்டு விளம்பரம் செய்தாலும், பட்டம் கொடுக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயரை வாடகைக்கு வாங்கி நடத்தவும் முடியாது. திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்விக்கான 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அங்கீகாரம் பெற்ற பாடத்தில், இணையவழியில் கொடுக்கும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமமானது என்பதை யூ.ஜி.சி. 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவாக அறிவித்தது. ஆகவே ‘சர்க்கார் வேலைக்குச் செல்லாது’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அங்கீகாரம் என்பது பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக ஒரு முறை கிடைத்து என்றைக்கும் நிற்பதன்று. எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு என்று தனித்தனியாக வருவது. பழம்பெரும் பல்கலைக்கழகமாக இருந்தும் சில ஆண்டுகளுக்கு அனுமதி இல்லாமல் போய், சேர்ந்த பிள்ளைகள் கோர்ட் வாசலில் நின்றதை நம் நாடு கண்டிருக்கிறது. மருத்துவம், என்ஜினியரிங், நர்சிங், பார்மசி, சட்டம், விவசாயம் முதலியவற்றை இணையவழியில் நடத்தவே அனுமதி இல்லை. நடத்துகிறோம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இப்போது சேருகிற ஒவ்வொருவரும் யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் வலைதளத்தில் தாமே தம் பெயரில் ஓர் அடையாள எண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை எடுக்கிற இடத்திலேயே எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலும் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்கிடுதோம், நீங்க ஒரு போட்டோ மட்டும் குடுங்க’ என்கிற ஏஜெண்டிடம் எந்தத் தகப்பனும் பிள்ளையின் சான்றிதழ்களைக் கொடுக்கக் கூடாது.

படிக்கும் வரிசையையும் மாற்றக் கூடாது. பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் பிளஸ் டூ எழுதாதவர்களுக்கும் வயதை மட்டும் பார்த்துப் பட்டம் கொடுத்த ஒரு காலம் இருந்தது. முதல் பட்டம் இல்லாமலே திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநில அரசுப் பணிகளுக்கும் பத்து, பிளஸ் டூ, அதன் பிறகே பட்டம் என்ற வரிசை வேண்டும். தேர்விலே நல்ல மதிப்பெண் பெற்று, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய், மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அடியில் நேராகப் பட்டத்தைக் கண்டு, நடுவிலே ஒரு காகிதத்தைத் தேடி, ‘பிளஸ் டூ எங்கேம்மா?’ என்று கேட்கிறபோதுதான் சிலருக்கு விஷயம் தெரிகிறது. அந்தப் பெண் மூன்று வருஷம் உண்மையாகப் படித்தவளாகவே இருக்கலாம். கேள்வி கேட்ட அதிகாரி மீதும் குற்றமில்லை. சேர்க்கிறபோதே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே நடந்த பாவம்.

இனி நான் மிகவும் சிரத்தையோடு சொல்ல விரும்புகிற பகுதிக்கு வருகிறேன். இணையவழிப் பட்டம் யாருக்கு? கடையிலும் அலுவலகத்திலும் வயலிலும் ஏற்கெனவே ஓர் உலகத்தில் காலூன்றி நிற்கிறவருக்கு அது பெரிய வரம். பம்பாய்க் கடையில் இருக்கிற பையன் கடை அடைத்த பிறகு படித்துப் பி.காம். முடித்தால், கடைசிவரை சம்பளத்துக்கு நிற்கிறவனாக இருக்க வேண்டியதில்லை. குரூப் டூ தேர்வும் வங்கித் தேர்வும் அவனுக்குத் திறக்கும். மணமான பெண்ணுக்கும் அப்படியே. அவளுடைய படிப்பு மணமேடையோடு முடிந்துபோனதாக எழுதிவைத்த கணக்கை அவளே திருத்திக்கொள்ளலாம். இவர்களுக்கு இதைவிட நல்ல வழி இன்று வேறு இல்லை.

ஆனால் பிளஸ் டூ முடித்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு? கொஞ்ச நாளாக ஒரு பேச்சு என் காதில் விழுகிறது. ‘வீட்டில இருந்தே டிகிரி வாங்கலாம்னு சொல்லுதாவ, பிறகு எதுக்கு அவள பஸ் ஏத்தி அனுப்பணும்?’ என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். மகள் மேல் பாசமும் ஊர்ப்பேச்சின் மேல் பயமும் உள்ளவர்கள். அவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் 1895இல் சாராள் தக்கர் கல்லூரி தோன்றிய நாள் முதல் இந்தப் பூமியில் ஒரு பெண் கல்லூரிக்குப் போவதென்பது பாடப் புத்தகத்துக்காக மட்டும் இருக்கவில்லை. தன் சாதியும் தன் சபையும் தன் தெருவும் அல்லாத பிள்ளைகளோடு ஒரு பெஞ்சில் உட்காருவது, நூலகத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் படிப்பது, ஆசிரியையிடம் எதிர்த்து ஒரு கேள்வி கேட்பது, தானாகப் போய்த் தானாகத் திரும்பி வருவது – இவையெல்லாம் கைப்பேசித் திரையில் இல்லை. பட்டப் படிப்பில் பாதி இவைதான். இணையவழியை அந்தப் பாதியைப் பறித்துக்கொள்ளும் சாதனமாக ஆக்கிவிட்டால், கல்வியைப் பரப்ப வந்த ஒன்றைக் கொண்டே நம் பெண்களை மறுபடியும் உள்வீட்டுக்கு அனுப்பினவர்கள் ஆவோம். ஊரிலேயே கல்லூரி இருக்கிறது, பஸ்சும் இருக்கிறது. போக முடிகிற பிள்ளை போகட்டும். அதற்கு மேல் ஐ.ஐ.டி. பாடத்தையோ, ‘சுவயம்’ தளத்தின் பாடத்தையோ அவள் இரவிலே கூடுதலாகப் படித்தால் அது அவளுக்கு இரட்டை லாபம்; இப்போது யூ.ஜி.சி. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கவும் இடம் கொடுத்திருக்கிறது.

இடையூறுகளையும் மறைக்கக் கூடாது. நல்ல பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பாடங்கள் உண்டு, ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். பாடங்கள் சிலவும் தமிழில் வந்திருக்கின்றன. ஆனாலும் தமிழில் பிளஸ் டூ படித்த பிள்ளை ஒரு காணொளியை நிறுத்தி நிறுத்தி, ஒரு வாக்கியத்தை நாலு முறை கேட்டு, அகராதியைப் பார்த்து முன்னேறுகிற சிரமம் சாமானியமானதன்று. சிக்னல் இன்னொன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, இந்த மாவட்டம் முழுவதும் வெள்ளத்தில் நின்றபோது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் நாட்கணக்கில் அற்றுப்போயின. பம்பாயில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட அறிய முடியாமல் தவித்தார்கள். கைப்பேசிக் கோபுரத்தை நம்பிய கல்விக்கு அந்த நாட்களில் இடமே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இடையூறு தனிமை. சேருகிறவர்களில் பலர் நடுவிலே விட்டுவிடுவதற்குக் காரணம் புத்திக் குறைவு அன்று. மூன்றாவது வாரத்துக் கணக்கு புரியாதபோது கேட்பதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இல்லாததுதான்.

இந்த ஒன்றை நாம் சரிசெய்ய முடியும். நம் ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியைகள் இருக்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று இங்கே வந்து தங்கியிருக்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த நூலகத்தில் ஓர் அறையை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்துவைத்து, நல்ல இணைய இணைப்பும் நாலு கணினியும் ஒரு கரும்பலகையும் போட்டு, வாரத்தில் இரண்டு நாள் இவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்தால் போதும். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சரி, எந்த வயதானாலும் சரி, வந்து கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துச் சொல்வதையும் அந்த அறையே செய்யலாம். பெண்கள் தயங்காமல் வருவதற்காக ஒரு நாளை ஆசிரியைகளுக்கென்றே ஒதுக்கலாம். தேர்வு மையங்கள் பெரிய நகரங்களிலேயே இருப்பதால், பரீட்சைக்கு முதல் நாள் சேர்ந்து போகவும் ஓர் இடத்தில் தங்கவும் ஏற்பாடு செய்வது, தனியாகப் போகிற பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

இந்த யோசனையை நூலகக் குழுவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தலைவர் அவர்கள் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இணையவழிப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வருஷத்தில் இரண்டு சேர்க்கை – ஜூலையை ஒட்டி ஒன்று, ஜனவரியை ஒட்டி ஒன்று. ஜூலைச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்க மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கிற நோட்டில் தங்கள் பெயரையும், எந்தப் பாடம் என்பதையும், எந்த மாலை சௌகரியப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போக வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.